‘ஒரு தமிழ்க் கூலி’: பினாங்கு, கோலாலம்பூர்ப் பத்திரிகைகளில் ஒரு சொல் நடந்த வழி

பினாங்கு லிட்டில் இந்தியாவில் எந்த நகைக்கடையில் சங்கிலி வாங்கினாலும், ரசீதில் தங்கத்தின் விலைக்குக் கீழே செய்கூலி என்று ஒரு தொகை இருக்கும். மாவு மில்லில் அரவைக்கூலி, லாரிக்காரரிடம் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்ற குறளைப் பள்ளியில் படிக்காத தமிழர் நம் நாட்டில் குறைவு. இத்தனை இடத்திலும் கூலி என்பது உழைப்புக்குச் சேரவேண்டிய தொகை. வேலை செய்தவர் கேட்டு வாங்கவும், வராவிட்டால் வழக்குப் போடவும் உரிமையுள்ள பணம்.

இதே சொல், 1900க்கும் 1941க்கும் இடையில் மலாயாவில் அச்சான ஆங்கிலப் பத்திரிகைகளில் பணத்தைக் குறிக்கவில்லை, மனிதரைக் குறித்தது. பணம் வேஜஸ் ஆகிவிட்டது, அதைப் பெற வேண்டியவர் கூலி ஆகிவிட்டார். இந்த மாற்றம் பத்திரிகைப் பக்கத்தில் எப்படி வேலை செய்தது, தமிழ்ப் பத்திரிகைகள் அதை எப்படிக் கையாண்டன, எந்தக் கட்டத்தில் தூக்கிப் போட்டன என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன். நம் பாட்டன் பூட்டனைப் பற்றி அன்றாடம் எழுதிவைக்கப்பட்ட ஒரே ஆவணம் பல இடங்களில் இந்தப் பத்திரிகைகள்தான். அதில் அவர்களுக்கு என்ன பெயர் இருந்தது என்பது சின்ன விஷயமல்ல.

எந்தப் பத்திரிகைகள்

ஆங்கிலத்தில் முதலில் பார்க்க வேண்டியவை பினாங்கின் பினாங் கெஜட்டும், 1903இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோவும். கோலாலம்பூரில் 1896 டிசம்பரில் மலாய் மெயில் வந்துவிட்டது. தமிழில், கி. நரசிம்ம ஐயங்கார் 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன், கோ. சாரங்கபாணி 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு. முரசு சிங்கப்பூர்ப் பத்திரிகை என்றாலும் தீபகற்பம் முழுக்கத் தோட்டங்களில் வாசிக்கப்பட்டது, அதனால் அதை விட்டுவிட முடியாது. பினாங்கில் அதற்கெல்லாம் முன்பே, 1880களிலேயே, குலாம் காதிறு நாவலர் வித்தியா விசாரிணி என்ற தமிழ் இதழ் நடத்தியிருக்கிறார். இங்கே தமிழ்ப் பத்திரிகைத் தொழில் இளையதல்ல என்று சொல்லத்தான் அதைக் குறிப்பிடுகிறேன்.

பினாங் கெஜட்டும் எக்கோவும் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் கிடைக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே தேடலாம்.

செய்தி எப்படிக் கட்டப்பட்டது

அந்தக் காலத்து ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு நாள் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கம் முழுக்க விளம்பரம். கப்பல் வரவு, கப்பல் போக்கு. ரப்பர் கம்பெனிகளின் பங்கு விலை. லண்டனில் நடந்த கம்பெனிக் கூட்டத்தில் தலைவர் பேசியது. இத்தனை ஏக்கர் நட்டாயிற்று, இத்தனை மரம் பால் வெட்டும் வயதுக்கு வந்தாயிற்று, கூலிகள் போதிய அளவு இருக்கிறார்கள். ஏக்கர், மரம், கூலி மூன்றும் ஒரே மூச்சில் வரும். அப்புறம் உள்ளூர்ச் செய்தி, போலீஸ் கோர்ட்டுச் செய்தி.

நான் அதிகம் நின்று வாசித்தது இந்தக் கோர்ட்டுச் செய்திகளைத்தான். வெள்ளைக்காரர் என்றால் பெயருக்கு முன்னால் மிஸ்டர் உண்டு, பெரும்பாலும் அவர் வேலை பார்க்கும் கம்பெனியும் உண்டு. சீனத் தவுக்கே (முதலாளி) என்றால் பெயர், தொழில், கடை. தமிழர் என்றால், அவர் செட்டியாராகவோ கிராணியாகவோ (தோட்ட எழுத்தராகவோ) இல்லாதபோது, ‘ஒரு தமிழ்க் கூலி’. ரயிலில் அடிபட்டவர் ஒரு தமிழ்க் கூலி. ஆற்றில் கிடந்த உடல் ஒரு தமிழ்க் கூலியுடையது. பெயர் வரும் இடங்களும் உண்டு, குறிப்பாக வழக்கு விசாரணையில். அங்கேயும் முதலில் வருவது கூலி, பிறகுதான் ‘முனியாண்டி என்ற பெயருடைய’ என்ற ஒட்டு. தகப்பன் பெயர், ஊர், எந்தக் கங்காணியின் (ஆள் சேர்த்து மேற்பார்த்தவரின்) ஆள் என்ற எதுவும் கிடையாது.

பெயர் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும்போது, செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேடு திறக்கப்பட்டது. கங்காணி வாரியாக ஒவ்வொருவர் பேரும் எழுதி, முழுநாளா அரைநாளா என்று குறியிடப்பட்டது. சம்பளம் போட அது வேண்டும். கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கவும் அது வேண்டும். ஆக, கிராணியின் மேசையில் இருந்த பெயர் நிருபரின் மேசைக்கு வரும்போது காணாமல் போயிற்று. காசு கணக்குப் பார்க்கத் தேவைப்பட்ட பெயர், சாவைச் சொல்லத் தேவைப்படவில்லை.

இந்தச் சொல் தமிழருக்கு மட்டும் ஒட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈய லம்பங்களில் (சுரங்கங்களில்) வேலை செய்த சீனர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், வெல்ட் கீ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் எல்லாருமே ஆங்கிலப் பத்திரிகைக்குக் கூலிகள்தான். ஆனால் சீனரைச் சொல்லும்போது எந்த வேலை என்பது கூடவே வரும். ரிக்‌ஷாக் கூலி, லம்பக் கூலி, துறைமுகக் கூலி. தமிழருக்கு வேலையின் இடத்தில் இனம் நின்றது. தமிழ்க் கூலி என்றாலே தோட்டத்து ஆள் என்று வாசகர் எடுத்துக்கொள்வார், வேறு விளக்கம் வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் ‘கிளிங்’ என்ற வசைச்சொல்லும் ஓடிக்கொண்டிருந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. அது தனிக் கதை, இங்கே விட்டுவிடுகிறேன்.

சட்டம் ஒரு சொல், பத்திரிகை ஒரு சொல்

நான் எதிர்பார்க்காதது இதுதான். சட்டப் புத்தகம் பத்திரிகைக்கு முன்பே மாறிவிட்டது. 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி, ஆட்களின் கப்பல் செலவைக் கொடுக்க ஏற்படுத்திய நிதிக்குத் தமிழ்க் குடியேற்ற நிதி என்று பெயர். அதில் கூலி இல்லை, குடியேறுபவர்தான் இருந்தார். இந்தியாவிலிருந்து சஞ்சி (ஒப்பந்தம்) போட்டு ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. 1923இன் லேபர் கோடு தொழிலாளியை லேபரர் என்றே சொல்கிறது. 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்து, அதன்படி இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் கோலாலம்பூரில் உட்கார்ந்தார். அவரும் தம் ஆண்டறிக்கையில் லேபரர் என்றே எழுதினார்.

பத்திரிகை மட்டும் கூலியை விடவில்லை. தோட்டத் துரைமார்தான் சந்தாதாரர், விளம்பரதாரரும் அவர்களே. அவர்கள் கிளப்பில் பேசிய பேச்சுதான் தலையங்கத்தின் மொழி. 1907இல் மலாயாத் தோட்டக்காரர் சங்கம் அமைந்த பிறகு அதன் கூட்ட அறிக்கைகள் பத்தி பத்தியாக அச்சாயின. அடுத்த தோட்டத்துக்காரர் ஆட்களை இழுத்துக்கொள்வது பற்றிய புகார்கள் அதில் ஓயாமல் வரும். ஒருவர் நல்ல சம்பளத்துக்கு வேறு இடம் போவதை அங்கே திருட்டைப் போலப் பேசுவார்கள். போனவர் ஏன் போனார் என்று கேட்க அந்தப் பத்திரிகையில் இடமில்லை. பெயரும் காரணமும் உள்ள ஒருவர் போனார் என்று எழுதினால் கேள்வி வரும். கூலி போய்விட்டது என்று எழுதினால் கணக்கு குறைந்ததாக மட்டும் தெரியும்.

நடுவில் சஞ்சியைப் பற்றி இரண்டு வரி. ஒப்பந்தக்காரரை நம் முன்னோர் சஞ்சிக்கூலி என்றார்கள். மலாய் மொழியின் ஜஞ்சி, அதாவது வாக்குறுதி, தமிழ் நாவில் சஞ்சி ஆயிற்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்தில் கிடந்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர்கள் தங்கள் நிலைமைக்கு இந்த நாட்டு மொழியிலிருந்தே ஒரு பெயர் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலப் பத்திரிகையில் சஞ்சி என்ற சொல்லைத் தேடி நான் பயன் காணவில்லை.

தென்னாப்பிரிக்காவிலும் இதே சண்டை நடந்தது. அங்கே காந்தியை ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைத்தார்கள். தமிழ்ப் பெயர்களின் முடிவில் வரும் சாமியைப் பிய்த்து எல்லாத் தமிழரையும் ‘சாமி’ என்றார்கள். 1903இல் அங்கே தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் தமிழிலும் பக்கங்கள் அச்சிட்டது. ஒரே சொல் இரண்டு கடலிலும் ஒரே மக்களைத் துரத்தியிருக்கிறது.

தமிழ்ப் பத்திரிகைக்கு வந்த சிக்கல்

சரி, தமிழில் எழுதியவர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. அவர்களுக்குக் கூலி அந்நியச் சொல் அல்ல. அது தங்கள் வீட்டுச் சொல். ஆங்கிலம் அதை எடுத்துப் பொருளைத் திருப்பிவிட்டுக் கையில் கொடுத்தது. (கூலி என்ற ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து போனதா என்பதில் அகராதிக்காரர்களுக்குள் வழக்கு உண்டு. 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே இரண்டையும் பேசுகிறது. எங்கிருந்து போனாலும், திரும்பி வந்தபோது அது தமிழ்க் கூலியின் முகத்தோடுதான் வந்தது.)

இலக்கணமும் குறுக்கே நின்றது. கூலி அஃறிணைப் பெயர். கூலி குறைந்தது, கூலி கிடைத்தது. மனிதரைச் சொல்ல நாம் கூலியாள், கூலிக்காரர் என்று ஒட்டுச் சேர்ப்போம். ஆங்கிலத் தந்தியில் கூலீஸ் என்று வந்ததைத் துணையாசிரியர் அப்படியே ‘கூலிகள்’ என்று எழுதினால் வாக்கியத்தின் கடைசியில் மாட்டிக்கொள்வார். ‘கூலிகள் வந்தன’ என்றால் மூட்டைகள் வந்து இறங்கியது போல இருக்கும். ‘கூலிகள் வந்தனர்’ என்றால் எழுவாய்ப் பணமும் வினைமுற்று மனிதரும் ஒட்டாமல் நிற்கும். ஆங்கிலத்தில் இந்த உறுத்தல் இல்லை, அங்கே வினைச்சொல்லுக்குத் திணை கிடையாது. தமிழ் வாக்கியம் ஒவ்வொரு முறையும் எழுதுபவரைக் கேட்டது, வந்தது யார், உயர்திணையா அஃறிணையா என்று.

தொழிலாளர் என்ற சொல்லில் இந்தக் கேள்வியே எழாது. அதன் ஈற்றிலேயே மனிதர் இருக்கிறார்.

தோட்டத்துப் பேச்சும் இன்னொரு பக்கம் இழுத்தது. மாதக் கடைசியில் கையில் வருவதைத் தோட்டத்தில் யாரும் கூலி என்று சொல்லவில்லை, சம்பளம் என்றார்கள். சம்பளம் போடுற நாள் என்றால் கடைக்காரரும் வட்டிக்காரரும் வாசலில் நிற்கும் நாள். பணத்துக்குச் சம்பளம் என்ற பெயர் வந்ததும், காலியான கூலி என்ற சொல் ஆளின் மேல் இன்னும் இறுக்கமாக உட்கார்ந்தது. துரை, கிராணி, கங்காணி, கூலி என்ற படிவரிசையில் கடைசிப் படிக்குப் பெயர் அதுவே. அதைச் சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கிராணிகளும், மலையாளிக் கிராணிகளும், நம் ஊர்க் கங்காணிகளும் சொன்னார்கள். இதை மறைத்துவிட்டு முழுப் பழியையும் ஆங்கிலப் பத்திரிகையின் மேல் போடுவது நேர்மையாகாது. 1930களில் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோவின் ஆசிரியர் நாற்காலியிலேயே இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் படித்த தமிழரும் தோட்டத்துத் தமிழரும் ஒரே இனமாக ஆங்கில வாசகருக்குத் தெரிந்தாலும், இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் பெரிது.

1930: சம்பளம் குறைந்தபோது

இந்தச் சொல்லின் கோணலை ஒரே ஒரு நிகழ்வில் பார்க்க வேண்டும் என்றால் 1930ஐப் பார்க்கச் சொல்வேன். 1920களின் கடைசியில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டப் பகுதிகளுக்கு நிலையான சம்பளம் விதிக்கப்பட்டது. ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை சரிந்ததும் 1930இல் அது 40 காசாகவும் 32 காசாகவும் வெட்டப்பட்டது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஆணுடைய 13 வெள்ளி 10 வெள்ளி 40 காசாயிற்று. அதாவது முந்தின மாதம் மனைவி வாங்கியதை இந்த மாதம் கணவன் வாங்கினான். மனைவிக்கு 8 வெள்ளி 32 காசு. பிறகு அதுவும் நிற்கவில்லை, இன்னும் இறங்கியது. வேலையில்லாமல் பல்லாயிரம் பேர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இந்தச் செய்தியைப் பழைய சொல்லில் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘கூலிகளின் கூலி குறைக்கப்பட்டது.’ ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் இரண்டு தடவை, ஒன்று ஆள், ஒன்று பணம். எந்தத் தமிழ் வாசகருக்கும் அது இடறும். கூலியைப் பற்றிப் பேச வேண்டிய நெருக்கடி வந்தபோது, கூலியை ஆளுக்குப் பெயராக வைத்திருப்பது முடியாத காரியமாயிற்று. சொல்லை மாற்றியது நாகரிகம் கருதி மட்டும் அல்ல, சம்பளத் தகராறைத் தெளிவாக எழுதவும்தான் என்பது என் முடிவு.

நாகரிகத்தின் பங்கும் உண்டு, அதற்குத் தேதியும் உண்டு. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கி மலாயா முழுக்கப் பேசினார். சுயமரியாதை என்ற சொல் தோட்டத்து லயம்வரை (தொழிலாளர் வரிசை வீடுகள்வரை) போயிற்று. அந்த இயக்கத்தின் சூட்டில்தான் சாரங்கபாணி முன்னேற்றம் இதழையும் பின்னர் தமிழ் முரசையும் நடத்தினார். தன்னைத் தான் என்ன பெயரால் அழைத்துக்கொள்வது என்பது அந்த இயக்கத்துக்கு அடிப்படையான கேள்வி. சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து எடுக்கச் சொன்னவர்கள், கூலிப் பட்டத்தை மட்டும் விட்டுவைப்பார்களா? அவர்கள் எழுத்தில் தொழிலாளரும் பாட்டாளியும் முன்னுக்கு வந்தார்கள். நம் நாட்டுத் தமிழில் தோட்டப் பாட்டாளி என்ற தொடர் இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

1941: கிள்ளான்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதன் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்தவர். பத்திரிகை மேசையிலிருந்து நேரே தோட்டத்துக்குப் போனவர் அவர். கோரிக்கைப் பட்டியலில் சீனத் தொழிலாளர்க்கு இணையான சம்பளம் இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொல்வது இருந்தது, மருத்துவ வசதி இருந்தது. அவற்றோடு ஒரு கோரிக்கை, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது. அதை நான் பலமுறை வாசித்துவிட்டேன். காசைப் பற்றிய கோரிக்கைகளுக்கு நடுவே சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் உரிமை. கூலி என்ற சொல்லுக்குள் அடங்கியிருந்தது என்ன என்று கேட்டால், இந்தக் கோரிக்கையைக் காட்டுவேன். எதிரே ஒருவர் வரும்போது இறங்கி நிற்க வேண்டியவர் என்பதே அதன் பொருளாக இருந்தது.

அரசு நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தியது. வேலைநிறுத்தம் இன்னும் பெருகியது. துருப்புகள் வந்தன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். போருக்குப் பின் சங்கங்கள் எழுந்தன. 1954இல் தோட்டத் தொழிலாளர்களுக்கான தேசியச் சங்கம் உருவானபோது அதன் பெயர்ப்பலகையில் தொழிலாளர் என்பதைத் தவிர வேறு சொல் வருவதற்கு வழியே இருக்கவில்லை.

பழைய தாளில் தேடுபவர்களுக்கு

இப்போது குடும்ப வரலாறு தேடும் இளையவர்கள் அதிகமாகிவிட்டார்கள். மகிழ்ச்சியான விஷயம். அவர்கள் முதலில் செய்வது கொள்ளுத்தாத்தாவின் பெயரைத் தட்டிப் பார்ப்பது. ஒன்றும் வராது. மேலே சொன்ன காரணத்தால் அந்தப் பெயர் அங்கே பெரும்பாலும் இல்லை. பெயருக்குப் பதில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரையும் கூலி என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். கூலியை ஆங்கிலத்தில் ‘ஐ, இ’ என்று முடித்தும் ‘ஒய்’ என்று முடித்தும் அச்சிட்டிருக்கிறார்கள், இரண்டையும் தட்டிப் பாருங்கள். முனியாண்டி, முனுசாமி, முத்து போன்ற பெயர்களில் உகரம் வரும் இடத்தில் இரட்டை ‘ஓ’ போடுவது அன்றைய வழக்கம். ராமசாமி என்று வந்தால் உடனே நம்பிவிட வேண்டாம். எந்தத் தமிழரையும் ராமசாமி என்று சொல்லும் பழக்கம் வெள்ளைக்காரர்களுக்கு இருந்தது.

தமிழில் பெயர்த்து எழுதும்போது, மேற்கோளுக்குள் கூலி என்றே வைத்துவிடுகிறேன். அதை நல்ல சொல்லாக மாற்றினால் நடந்தது மறைந்துவிடும். என் சொந்த வாக்கியத்தில் தொழிலாளர் என்று எழுதுகிறேன்.

தேதியும் தோட்டமும் கிடைத்துவிட்டால், அடுத்து கோலாலம்பூரில் அர்கிப் நெகாராவுக்கு (தேசிய ஆவணக் காப்பகத்துக்கு) போகலாம். அங்கே சிலாங்கூர்ச் செக்ரடேரியட் கோப்புகள் இருக்கின்றன. தோட்டத்தில் நடந்த சாவு, அடிதடி, சம்பளப் புகார் பற்றிய கடிதங்கள் அவற்றில் உண்டு. பத்திரிகை ‘ஒரு தமிழ்க் கூலி’ என்று எழுதிய ஆளுக்கு அங்கே பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம். போகும் முன் கோப்பு எண்ணை இணையப் பட்டியலில் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள், நேரம் மிச்சமாகும்.